இஜ்லாலுக்கு நான் போட்ட தையல்

தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை கேட்டேன். மறுக்காமல் போட்டுக் கொடுத்தீர்கள். நன்றி, மகளே. இந்த வயதில் சர்க்கரை ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வேலை என்னுடையது. எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நடந்ததை வாக்குமூலமாக என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். அடித்தல் திருத்தல் கூடாது என்றும் சொன்னீர்கள். அதில் சிரமம் இல்லை. உம் சிதைரா என்கிற எங்கள் ஊரின் பிரசவப் பதிவேட்டை முப்பத்து நான்கு வருடமாக நான்தான் எழுதுகிறேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து வந்தவர்களே பாராட்டியிருக்கிறார்கள்.

என் பெயர் பத்ரிய்யா. அரசாங்கம் சான்றிதழ் கொடுத்த மருத்துவச்சி. கால்வாய்க்கு இந்தப் பக்கம் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உலகத்தில் முதலில் பார்த்த முகம் என்னுடையது. வெள்ளை உடுப்பைத் தினமும் துவைப்பேன். கொதிக்க வைக்காத கத்தரிக்கோலை ஒருநாளும் தொட்டதில்லை. என்னைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் சுத்தத்தைத்தான் சொல்வார்கள்.

முதல் பதினைந்து வருடம் நான் சிறுமிகளையும் 'சுத்தம்' செய்தேன்; பெண்ணுறுப்பை அறுத்து, சிறு துளை மட்டும் விட்டுத் தைத்து மூடுவது. இன்று சட்டம் அதை உறுப்புச் சிதைப்பு என்கிறது. அன்று எங்களுக்கு அது சுத்தம்தான். மருத்துவச்சி என்றால் அதையும் சேர்த்துத்தான். மாட்டேன் என்றால் பிரசவத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். எனக்கு ஏழு வயதில் நடந்ததுதான் அந்தப் பிள்ளைகளுக்கும் நடந்தது. நான் அதை ஒரு குற்றமாக நினைத்துச் செய்யவில்லை.

பத்தொன்பது வருடம் முன்பு வத் மதனி நகரத்தில் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். படங்கள் காட்டினார்கள். ஏன் எங்கள் பெண்களுக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது, ஏன் இரண்டு நாள் வலியில் குழந்தைகள் மூச்சடைத்துச் சாகின்றன என்று விளக்கினார்கள். எனக்கு அதெல்லாம் தெரிந்ததுதான். காரணம்தான் தெரியாது. கடைசி நாள் குர்ஆன் மீது கை வைத்துச் சத்தியம் செய்தோம். "இனி எந்தச் சிறுமி மீதும் கத்தி வைக்க மாட்டேன்." வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது. அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை. வேண்டுமானால் வீடு வீடாக விசாரித்துப் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பிய மறு மாதமே தோமாவின் மகளைச் சுத்தம் செய்ய நாள் குறித்துவிட்டார்கள். தோமா என்னைவிட இளையவள், நல்லவள். மகள் இஜ்லாலுக்கு அப்போது ஏழு வயது. கையில் மருதாணி, புதுச் சிவப்புக் கவுன். நான் மறுத்துவிட்டதால் பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தியை வரச் சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் போய் அந்த வீட்டு வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். என்னைத் தாண்டிப் போவதென்றால் மிதித்துத்தான் போக வேண்டும்.

பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பதினஞ்சு வருசம் எங்க புள்ளைங்கள எல்லாம் அறுத்துட்டு, இப்ப இந்தப் புள்ளைக்கு மட்டும் காவல் உக்காந்திருக்கியா? எம்மவ என்ன பாவம் பண்ணா?"

உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. உச்சி நேரத்தில் தோமாவே கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"உள்ள வாங்கக்கா. வெயில்ல உக்காராதீங்க. எம்புள்ளைக்கு வேணாம். வரச் சொன்னவகிட்ட வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

எங்கள் ஊரில் கத்தி படாமல் வளர்ந்த முதல் பெண் இஜ்லால்தான். அவளால் எனக்குப் பெயர் வந்தது, அதை மறுக்க மாட்டேன். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவள் கதையைத்தான் சொல்வேன். நகரத்து நர்சுகளுக்குச் சொல்லியிருக்கிறேன், கார்ட்டூமிலிருந்து வந்த அதிகாரி அம்மாக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வாசல் கட்டத்துக்கு வரும்போது சிலர் அழுவார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அவளை என் மகள் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அவளும் என்னைப் பெரியம்மா என்பாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை அழுக்கு என்று கூப்பிட்டார்கள். பதினான்கு வயதில் என்னிடம் வந்து கேட்டாள். "பெரியம்மா, நா அழுக்கா?" பொறாமையில் சொல்கிறார்கள் என்றேன். நம்பிக்கொண்டு போய்விட்டாள். படித்தாள், டீச்சர் ஆனாள். தய்யிப் என்கிற லாரி டிரைவர் விரும்பிக் கட்டிக்கொண்டான். அவனுடைய அம்மா ஹாஜா சித்தனா வாய்த்துடுக்குக்காரி. மருதாணி விருந்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"எங்க வீட்டுக்கு ஒரு குறையும் இல்லாம முழுசா ஒரு மருமக வருதுங்கடி! நாளைக்கு எம்பேரன ஊரு என்ன பட்டம் கட்டிக் கூப்பிடப் போகுதோ!"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் ஒருவனை மோசமாகத் திட்ட வேண்டுமானால் அவன் அம்மா சுத்தம் செய்யப்படாதவள் என்பார்கள். அதைவிடப் பெரிய வசை கிடையாது. இஜ்லால் தலை குனியவே இல்லை. எனக்குத்தான் முகம் சுட்டது.

இன்னொன்றையும் நான் விளக்க வேண்டும். நீங்கள் சின்னப் பெண், நகரத்துப் பெண். எங்கள் ஊரில் பிரசவம் முடிந்ததும் மருத்துவச்சி பெண்ணைத் திரும்பத் தைத்து மூடிவிடுவாள். நேராக்குவது என்று சொல்வோம். குழந்தை வருவதற்காகத் திறந்ததை, கல்யாணத்துக்கு முன் இருந்த அளவுக்குச் சிறிதாக்கிவிட வேண்டும். நாற்பது நாள் கழித்துப் புகைக்குளியல் முடித்துப் புருஷனிடம் போகிறபோது புதுப்பெண்ணாகப் போக வேண்டும். சத்தியம் செய்த பிறகும் இதை நான் விடவில்லை. சத்தியத்தில் சிறுமி என்றுதான் இருந்தது. பிள்ளை பெற்றவள் சிறுமி இல்லையே. பயிற்சியிலும் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் கட்டிலில் பிள்ளை பெற்ற யாரும் நேராக்காமல் எழுந்து போனதில்லை.

இஜ்லாலுக்கு இது தெரியும். ஒன்பதாம் மாதம் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"பெரியம்மா, கிழிஞ்சா கிழிஞ்சத மட்டும் தைங்க. அதுக்கு மேல ஒரு தையல்கூட வேணாம். சத்தியம் பண்ணுங்க."

"நீ எம்பொண்ணு. உங்கிட்ட போய் சத்தியமா? போடி கிறுக்கி," என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் சத்தியம் செய்யவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் வீட்டில் குழந்தை பிறந்தது. ஆண். நான்கு மணி நேர வலிதான். முதல் பிரசவத்துக்கு அது ஒன்றுமே இல்லை. கிழிசலும் விரல் நகத்தளவுதான். தோமா கொல்லையில் வெந்தயக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். தய்யிப் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அறையில் நானும் இஜ்லாலும் குழந்தையை வைத்திருந்த ஹாஜா சித்தனாவும் மட்டும்தான். அப்போது அவர் என் காதருகே வந்து, "வழக்கப்படி முடிச்சு விட்ரு பத்ரிய்யா" என்றார். மாமியார் சொல்லும்போது மருத்துவச்சி என்ன செய்ய முடியும்? குழந்தையைக் குளிப்பாட்டக் கொண்டுபோகச் சொல்லி அவரை அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். மரத்துப்போகும் ஊசியைப் போட்டேன்.

மற்றப் பெண்களுக்குத் தைத்தால் போதும். இவளுக்குத் தைப்பதற்கு முன்னால் வேறு வேலை இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அப்படியே வைத்துத் தைத்தால் ஒட்டாது. பத்தொன்பது வருடம் செய்யாத வேலை என்றாலும் கை மறக்கவில்லை. இஜ்லால் களைப்பில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நடுவில் ஒருமுறை கேட்டாள்.

"இன்னுமா பெரியம்மா? சின்னக் கிழிசல்னீங்க?"

"அழகா தைக்க வேணாமா? படுத்திரு."

கால் மணி நேரம் ஆயிற்று. நிதானமாகத்தான் செய்தேன்.

பத்து மணிக்குத் துணி நனைந்திருந்தது. மாற்றினேன். பத்தே காலுக்கு அதுவும் நனைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு ரத்த நரம்பு உண்டு, பழைய மருத்துவச்சிகள் எல்லோருக்கும் தெரியும். சின்னதுதான், ஆனால் வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்காது. பஞ்சை வைத்து அழுத்தினேன். கருப்பை சுருங்குவதற்கான மாத்திரையைக் கொடுத்தேன். ரத்தம் கருப்பையிலிருந்து வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பதிவேட்டில் 'கருப்பைத் தளர்ச்சி, மாத்திரை கொடுக்கப்பட்டது' என்று எழுதினேன். பிற்பாடு யாராவது கேட்டால் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

பதினொன்றரைக்குத் தய்யிப் கதவைத் தட்டினான். "பெரியம்மா, வண்டி ரெடியா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோமா?"

"எதுக்கு? மொதப் பிள்ளைக்கு இப்படித்தான் போகும். போய்த் தொழுதுட்டு வா."

நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கால்வாய்ச் சாலையில் முக்கால் மணி நேரம். அங்கே போனால் டாக்டர் துணியை விலக்கிப் பார்ப்பார். அதைத்தான் யோசித்தேன். ரத்தம் உறைந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. புண் ஆறிய பிறகு கிழிசல் அந்தப் பக்கமாகப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். தன்னைத் தானே உற்றுப் பார்க்கிற பெண்கள் எங்கள் ஊரில் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் இரண்டு மணி நேரம். நனைந்த துணிகளைக் கட்டிலுக்கு அடியில் வாளியில் போட்டு மூடி வைத்தேன். ஊதுபத்தி கொளுத்தினேன். எட்டிப் பார்க்க வந்த தோமாவை, அவள் தூங்குகிறாள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

மசூதியில் பிரசங்கம் தொடங்கியது. ஆண்கள் யாரும் தெருவில் இல்லை. இனி ஒரு மணி நேரத்துக்கு வண்டியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போதுதான் அது எப்படிப்பட்ட நிம்மதி என்று தோன்றுகிறது. நானும் துவா செய்தேன். உண்மையாகத்தான் செய்தேன். அவளுடைய உயிருக்காகவா, ரத்தம் நிற்பதற்காகவா என்று கேட்டால், இரண்டும் ஒன்றுதானே என்றுதான் அப்போது நினைத்தேன்.

பன்னிரண்டரைக்கு அவளுடைய உதடு வெளுத்தது. கை சில்லிட்டிருந்தது. மருந்தின் மரப்பு விட்டுவிட்டது.

"பெரியம்மா, கிழிஞ்ச எடத்துல வலிக்கல. மேல எரியுது."

"அங்கயும் கொஞ்சம் கிழிஞ்சிருந்துச்சு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தன் கையைக் கீழே கொண்டுபோனாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். புண்ணில் கை வைத்தால் சீழ் பிடிக்கும் என்றேன். அவளுக்குக் கையை விடுவித்துக்கொள்ளத் தெம்பில்லை. கத்தவும் தெம்பில்லை. "அம்மாவ கூப்பிடுங்க," என்றாள். கஞ்சி வடித்துக்கொண்டிருக்கிறாள், வருவாள் என்றேன். "அம்மாவ கூப்பிடுங்க." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். ஒவ்வொரு முறையும் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. நான் கையை விடவில்லை. ஒரு மணி நேரம் இப்படியே போனது.

ஒன்றரை மணிக்குத் தோமா கஞ்சியோடு தானாகவே வந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். கீழே வாளியைப் பார்த்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, என்னை ஒரு கையால் தள்ளிவிட்டுத் துணியை விலக்கினாள். தோமாவுக்குச் சிறுவயதில் சுத்தம் செய்தார்கள். அதனால் பார்ப்பது என்னவென்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதுக்காடி அன்னிக்கு வாசல்ல உக்காந்த?" என்றாள். பத்தொன்பது வருடமாக அக்கா என்று கூப்பிட்டவள். பிறகு தய்யிப்பின் பெயரைச் சொல்லி அவள் போட்ட சத்தத்தில் மசூதியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. வழி நெடுக முஷ்டியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன். தோமா மகளின் தலையை மடியில் வைத்திருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. அழுத்திப் பிடித்ததால்தான் பிழைத்தாள் என்று டாக்டரே சொன்னார். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். சின்ன வயதில் செய்தது, பிரசவத்தில் பிய்ந்துவிட்டது என்றேன். அவர் தலையாட்டினார். அவர் பார்க்கிற பெண்கள் எல்லோரும் அப்படித்தானே. எழுதவும் தொடங்கிவிட்டார். பக்கத்தில் ரத்தப் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்த நர்சு மட்டும் சீட்டில் இருந்த பெயரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஜ்லாலா? உம் சிதைரா இஜ்லாலா? நீங்கதானேம்மா பயிற்சியில எங்களுக்கு இவங்க கதைய சொன்னீங்க? கத்தியே படாத பொண்ணுன்னீங்களே!"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தைத்ததைப் பிரித்தார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்று டாக்டர் தய்யிப்பிடம் சொன்னபோது நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் அவள் படுத்தபடியே உங்களுக்கு வாக்குமூலம் கொடுத்தாளாம். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மருத்துவச்சி மேல் புகார் கொடுத்தது இதுதான் முதல் தடவை என்றீர்கள். அவளுக்கு எப்போதுமே தைரியம் அதிகம்.

இப்போது நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஹாஜா சித்தனா அப்படி எதுவும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார் என்றீர்கள். அவர் சொல்வது சரி. அவர் எதுவும் சொல்லவில்லை. பேரனைப் பார்த்த சந்தோஷத்தில், "பொண்ணு களைச்சுப் போயிட்டா, சட்டுனு தச்சுட்டு தூங்க விடு" என்றுதான் சொன்னார். வழக்கப்படி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அடித்தல் கூடாது என்பதால் மேலே எழுதியதை அப்படியே விட்டிருக்கிறேன். அது பொய் என்று இங்கே எழுதிக்கொள்கிறேன். தய்யிப் கேட்கவில்லை, தோமா கேட்கவில்லை, ஊரில் யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று ஒருத்தி மட்டும் கேட்டாள்.

பிரசவத்தைப் பற்றியும் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். குழந்தையின் தலை வெளியே வந்தபோது இஜ்லால் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். "வந்துட்டான், வந்துட்டான்" என்று என் தோளைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். முப்பத்து நான்கு வருடத்தில் அந்தக் கட்டிலில் நான் கேட்டதெல்லாம் அலறல்தான். எல்லோரையும் கத்தியால் திறந்துதான் பிள்ளையை எடுத்தேன். இவளை நான் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பெறுவது இவ்வளவுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என் சொந்தக் குழந்தைகள் இரண்டும் இரண்டு நாள் வலிக்குப் பிறகு செத்துப் பிறந்தவை. நான் என் கையால் அறுத்த பெண்கள் எத்தனையோ பேர் அதே கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

அவள் எழுந்துபோய் இதைச் சிரித்துச் சிரித்து ஊரெல்லாம் சொல்வாள். மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். ஊசியில் மருந்தை ஏற்றும்போது இதைத்தான் நினைத்தேன். கோபம் எதுவும் இல்லை.

உங்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டம். ஆனால் ஒரு பெண் காலமெல்லாம் தனியாளாக நிற்கக் கூடாது, மகளே. பள்ளிக்கூடத்திலிருந்தே எத்தனை பேச்சு கேட்டுவிட்டாள். இப்போது அவளும் எங்களைப் போலத்தான். இனி அவளை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.